வெடிக்குப் பயப்படாத நாய்

நாய்க்குட்டி கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது மூக்கை. பைக்குக்கு ஸ்டாண்டு போடுவதற்குள், "மூக்கு ரோஸ் கலர்தானே?" என்று கேட்டுவிடுவார்கள். அடுத்தது உடம்பு. ஒரு முடிகூடப் பழுப்பாக இருந்துவிடக் கூடாது, சோப்புப் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி இருக்க வேண்டும். தாய் எது, தகப்பன் எது, தாய்க்கு உடம்பு தேறிவிட்டதா என்று ஒரு ஆள் கேட்டு நான் பார்த்ததில்லை. காது கேட்குமா என்று கேட்க யாருக்குத் தோன்றும்? எங்களுக்கே தோன்றவில்லை.

மண்ணூரில் மரகதம் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நான் இட்லிக் கடை போட்டிருக்கிறேன். காலை ஷிப்டுக்குப் போகிற பையன்களும், நைட் ஷிப்டு முடித்துக் கண் சிவந்து வருகிற பையன்களும் என் கடை வாசலில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு நாய் என்றால் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சசிரேகா நாய்க்குப் பரிந்து பேசுகிறாள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

மரகதத்தின் புருஷன் தசரதன். ஏரிக்கு அந்தப் பக்கம் இவர்கள் நெல் விளைத்த பூமியில்தான் இப்போது கம்பெனி நிற்கிறது. அந்தக் கம்பெனி கேட்டில் அவன் கான்ட்ராக்ட் வாட்ச்மேன். காரில் போகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். "எங்கப்பன் ஏர் ஓட்ன எடத்துக்கு நான் பாஸ் காட்டிட்டு உள்ள போறேன் சசிக்கா" என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொல்வான். நிரந்தர ஆளாகக் கம்பெனி ரோலில் தன் பேர் ஏற வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு ஆசை. தப்பான ஆசை இல்லை.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் போட்ட ஷீட் ரூமில் வாடகைக்கு இருந்தவன் இசக்கியப்பன், சிவகிரிப் பக்கத்துப் பையன். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் வேலை. லச்சி என்கிற நாயைக் குட்டியாகத் துண்டில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தவன் அவன்தான். ராஜபாளையத்து ஜாதி, வெள்ளை உடம்பு, நெடுநெடுவென்று கால். ஷிப்டு மாறி மாறி வந்ததில் நாய் தானாக மரகதத்தின் கைக்குப் போய்விட்டது. கேழ்வரகுக் கூழ் ஆற்றி வைப்பது, உண்ணி பொறுக்குவது, மழையில் நனைந்த சாக்கை மாற்றுவது எல்லாம் அவள். "இட்டாந்தவன் ஒருத்தன், பீ அள்றவ ஒருத்தி" என்று திட்டிக்கொண்டே செய்வாள்.

லச்சி முதல் தடவை குட்டி போட்டபோது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் இசக்கியின் சினேகிதன் அந்தோணிராஜ் ஒரு ஆண் நாய் வளர்த்தான். அதற்கும் லச்சிக்கும் எந்த ரத்த சம்பந்தமும் இல்லை என்று விசாரித்துவிட்டுத்தான் சேர்த்தார்கள். குட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. அவற்றைக் கொடுப்பதற்கு இசக்கி ஒரு சட்டம் வைத்திருந்தான்.

"குட்டி கேக்குற வீட்ல போயி ஒரு நேரம் சாப்பிடணும்க்கா. சாப்பிட்டுட்டுத்தான் குடுக்கணும். எங்க வீட்ல அப்படித்தான்."

"இன்னாடா இது, பொண்ணு குடுக்கற மாதிரி?" என்று மரகதம் சிரித்தாள்.

"சிரிக்காதிய. அந்த வீட்ல சோறு மிஞ்சுதா, மிஞ்சுனத யாரு எடுத்து வைக்காவ, ஆடுமாட்ட என்ன சொல்லிக் கூப்பிடுதாவ, எல்லாம் அங்கன உக்காந்து சாப்பிட்டாத்தான தெரியும்? கலரப் பாத்துத் தூக்கிட்டுப் போறவன் நாளைக்கே ஹைவேல எறக்கி விட்டுட்டுப் போயிருவான். வளக்க முடியலன்னா வேற கைக்குக் குடுக்காம நம்மகிட்டயே கொண்டாந்து விட்ரணும். அதையும் சொல்லித்தான் குடுக்கணும்."

"கேக்கறதெல்லாம் ரூம்ல கீற பசங்க. அவனுங்க எங்கடா சோறாக்கறானுங்க? சசிக்கா கடையிலதான் துன்றானுங்க."

"அப்போ சசிக்கா கடையில போயி சாப்பிடுங்க."

நான் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். ஆனாலும் அந்தத் தடவை அவன் சொன்னபடிதான் நடந்தது. மரகதம் சுற்றுவட்டாரத்தில் மாடு கன்று வைத்திருக்கிற வீடுகளாகப் பார்த்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்தாள். ஒரு வீட்டில் பெரிய மருமகள் அடுப்படி பூனையை மிதித்துத் தள்ளினாளாம். மரகதம் கை கழுவிவிட்டு வந்துவிட்டாள், குட்டி கொடுக்கவில்லை.

கெடுத்தவன் தசரதன். அந்த ஈற்றில் சுத்த வெள்ளையாக இருந்த ஒரு ஆண் குட்டிக்குச் சூரன் என்று பேர் வைத்து வீட்டிலேயே நிறுத்திக்கொண்டான். அதைப் பார்த்துவிட்டுக் கம்பெனியில் ஒவ்வொருத்தராக வெள்ளைக் குட்டி கேட்க ஆரம்பித்தார்கள். சல்யூட் அடித்தால் திரும்பிப் பார்க்காத ஆட்கள் நாய்க்குட்டிக்காகக் கார் கண்ணாடியை இறக்கிப் பேசினார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திரையில் இசக்கி கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தான். மரகதம் அவள் அண்ணன் வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து லச்சி பருவத்துக்கு வந்தது. முதல் ஈற்றில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை, விலா எலும்பை எண்ணலாம். தசரதன் அதையும் சூரனையும் மோட்டார் ரூமில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டான். தாயையும் மகனையும்.

"சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று திரும்பி வந்த மரகதம் கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"நாய்க்கு இன்னாடி அத்தை, மாமன்னு மொறை? கலரு சுத்தமா வர்ணும்னா வூட்டுக்குள்ளதான் சேக்கணும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றான்."

ஊரிலிருந்து வந்த இசக்கி விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பையைக்கூட இறக்காமல் நின்றான். "மொறைக்காகச் சொல்லல அண்ணாச்சி. ஒரே ரத்தத்துல சேத்தா உள்ள இருக்க கொறை எல்லாம் ரெண்டு மடங்கா வெளிய வரும். அதும்போக, இவ ஒடம்பப் பாருங்க. ஒரு பருவமாவது சும்மா விடணும்லா?"

"ஆனது ஆச்சி, வுடு" என்று தசரதன் தொப்பியை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டான். எத்தனை பெரிய அக்கிரமத்தையும் இந்த ஆம்பிளைகள் ஒரு 'ஆனது ஆச்சி'யில் முடித்துவிடுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலு குட்டி பிறந்தது. ஒன்று பாலில் வாயே வைக்கவில்லை, போய்விட்டது. மிச்சம் மூன்றில் இரண்டு சுத்த வெள்ளை. ஒன்றுக்கு மட்டும் இடது காது பழுப்பு. லச்சிக்குப் பால் காணவில்லை. மரகதம் ஆட்டுப்பால் வாங்கித் துணியில் நனைத்து நனைத்து மூன்றுக்கும் ஊட்டினாள். பாதி நாள் அவள் சோறு தின்றதை நான் பார்க்கவில்லை.

கண் திறந்து ஓடத் தொடங்கியதும் கம்பெனி அட்மின் சக்திகுமார் சாருக்கு ஒரு வெள்ளைக் குட்டியைத் தசரதன் அட்டைப் பெட்டியில் வைத்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். ரோலில் பேர் ஏற்றுகிற இடத்தில் இருக்கிறவர் அவர்தான். சாப்பிடாமல் கொடுக்கக் கூடாது என்று மரகதம் வழிமறித்தாள். "சார் வூட்ல போயி சோறு போடுன்னு கேக்க சொல்றியா? வெளங்கிடும்" என்று அவளைத் தள்ளிக்கொண்டு போனான். இன்னொரு வெள்ளையை வேறொரு சாருக்காக நிறுத்தி வைத்தான். அந்த சார் டிரெய்னிங் என்று வெளிநாடு போனவர் வரவே இல்லை. பழுப்புக் காதுக்காரனை யாரும் கேட்கவில்லை. என் கடையில் பெருச்சாளித் தொல்லை இருந்ததால் ஐப்பசி பிறந்ததும் அதை நான் இழுத்துக்கொண்டு வந்து கடையில் கட்டினேன்.

அந்தத் தீபாவளிக்கு நல்ல மழை. இடையில் வெறித்த நேரத்தில் பையன்கள் மிச்சம் வைக்காமல் வெடித்துத் தள்ளினார்கள். லச்சி கட்டிலுக்கு அடியில் போனது போனதுதான். சூரன் மோட்டார் ரூமில் பதுங்கிவிட்டது. என் பழுப்புக் காது இட்லிக் குண்டானுக்குப் பின்னால் புகுந்து நடுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குட்டி மட்டும் தெரு நடுவில் வெயில் விழுந்த இடத்தில் சுருண்டு படுத்துத் தூங்கியது. பத்தடி தள்ளி லட்சுமி வெடி வெடிக்கிறது. அது ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

தசரதனுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். "பாத்தியாடா தைரியத்த! இன்னா ஜாதி! சார் வூட்லயும் இப்படித்தானாம். அவுட்டு வுட்டாங்களாம், ராக்கெட்டு வுட்டாங்களாம், இது பாட்டுக்கு தூங்குதாம். சார் ஆடிப் போய்ட்டாரு."

"அப்புறம் இன்னா, சார் சந்தோசமா கீறாரா?" என்று நான் கேட்டேன்.

"சந்தோசம்தான். கூப்பிட்டா மட்டும் வர்லியாம், திமிராம். பெல்ட்டால ரெண்டு வெச்சி பழக்கினு கீறாரு. செரியாயிடும்."

மரகதம் வாசல் பெருக்குகிறதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

தீபாவளி லீவு முடிந்து இசக்கி முறுக்கு டப்பாவோடு வந்தான். வெள்ளைக் குட்டி வாசலில் தூங்கியது. சீட்டி அடித்தான். எழுந்திருக்கவில்லை. தசரதன் வெடிக் கதையை மறுபடியும் ஆரம்பித்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். கேட்கக் கேட்க இசக்கியின் முகம் செத்துப் போனது. உள்ளே போய்க் கூழ் வைக்கிற அலுமினியத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சுவருக்கு மறைவில் நின்று தட்டினான்.

எதிர்ச்சாரியில் இருந்த என் பழுப்புக் காது சத்தம் கேட்டதும் கயிற்றை அறுக்கிற மாதிரி துள்ளியது. நான் அவிழ்த்துவிட்டேன். அது வெள்ளையை உரசிக்கொண்டு ஓடியது. உரசியதும் வெள்ளை விழித்து, அதன் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு தட்டுக்கு ஓடியது.

"பாத்தியளா?" என்றான் இசக்கி. "இத்தன நாளும் அண்ணன்காரன் எந்திரிச்சா எந்திரிச்சிருக்கு, அவன் ஓடுனா ஓடியிருக்கு. அது தைரியம் இல்ல அண்ணாச்சி. அதுக்குக் காது கேக்கல."

"போடா!"

"சுத்த வெள்ளையில இந்தக் கொறை வரும்னு எங்கய்யா சொல்லுவாவ. குட்டிகளப் பிரிச்சு, ஒவ்வொண்ணா தனியா வச்சித் தட்டிப் பாக்கணும். நானும் பாக்கலயே. ஓவர்டைம் ஓவர்டைம்னு ஓடிட்டுக் கெடந்துட்டேன், எனக்கும் புத்தி இல்லாமப் போச்சு."

மரகதம் துடைப்பத்தைத் தூக்கி எறிந்தாள். "அப்போ சார் வூட்ல கீற குட்டி?"

தசரதன் தொப்பியைத் தேடினான்.

"யோவ், உன்னத்தான். காது கேக்காததப் போட்டு அந்த ஆளு வர்ல வர்லன்னு அடிச்சினு கீறாரு. எதுக்கு அடி வாங்கறோம்னுகூட அதுக்குத் தெரியாதேய்யா. போயி இட்டாந்துடு."

"உனக்கு மூளை கீதா?" தசரதன் கத்தினான். "பொங்கலுக்கு அப்புறம் பேரு எடுக்குறாங்க. எத்தினி வருசமா மழையிலயும் வெயில்லயும் அந்த கேட்ல நின்னுகினு கீறேன். இப்ப போயி, சார், உங்களுக்கு செவிட்டு நாய குட்த்துட்டேன்னு சொல்லவா? லச்சி மறுபடியும் பருவத்துக்கு வரப் போவுது. அடுத்த ஈத்துல நல்ல வெள்ளையா ஒண்ணு குட்த்து மாத்திக்கலாம்."

"அடுத்த ஈத்தா? மறுபடியும் மகனோடயா?"

"வேற வெள்ளை எங்க கீது?"

ஞாயிற்றுக்கிழமை அவன் டூட்டிக்குப் போனதும் மரகதம் நல்ல புடவை கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். "அக்கா, கூட வா. தனியா போனா வாய் வராது எனக்கு." கடையை அடைத்துவிட்டுப் போனேன். ஞாயிறு வியாபாரம் போனதே என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹைவேயை ஒட்டின தெருவில் சக்திகுமார் சார் வீடு. மதுரைப் பக்கத்துக்காரர், கைலியில் இருந்தார். அவர் சம்சாரம் கனகலட்சுமி நல்ல மாதிரி. தசரதன் வீட்டுக்காரி என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நாய் அடுப்படி நிலைப்படியில் எங்களுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தது. நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. தொடையில் மட்டும் இரண்டு தடிப்பு.

"சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?" என்றார் சார்.

மரகதம் புடவைத் தலைப்பை முறுக்கினாள். "ஒரு வாய் சோறு போடுறீங்களா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சார் சம்சாரத்தைப் பார்த்தார். "அதுக்கென்ன, குக்கர் வச்சிருக்கேன், சாப்பிட்டே போகலாம்" என்றாள் கனகலட்சுமி.

"குட்டி குடுக்கறதுக்கு முன்ன வந்து துன்னுருக்கணும் சார். அது எங்க தப்பு." மரகதத்துக்கு வாய் வந்துவிட்டது. "அதுக்குக் காது கேக்காது. தாயையும் மகனையும் சேத்துட்டாரு எங்க வூட்டுக்காரு. பொறவிக் கொறை. நான் அத திருப்பி எடுத்துனு போவ வந்தேன்."

"காது கேக்காதா?" சார் சிரித்தார். "யாரு சொன்னது? தீபாவளிக்கு அந்த வெடி வெடிச்சோம், அசரலயே. அவ்வளவு தைரியம். இப்பப் பாருங்க. டேய் சீசர்!"

அந்த நேரம் பார்த்து அவர் மகள் நாயைத் தாண்டி ஓடினாள். நாய் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. அவர் கையைக் காட்டினார். வந்தது, ஆனால் வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா? கேக்குது. இஷ்டம் இருந்தாத்தான் வரும், அவ்வளவுதான். சரியான திமிரு."

"சார், அது உங்க கையப் பாத்து வருது."

"என்னம்மா, எனக்குத் தெரியாதா? என் வீட்டு நாய்தானே?"

இப்படியே போனது. அவள் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, எனக்கு எழுந்து கத்தலாம் போல இருந்தது. கண்ணெதிரே இருப்பதை ஒரு படித்த ஆளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லையே! நாய் திரும்பிப் போய் நிலைப்படியில் பழையபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. உள்ளே குக்கர் வீலென்று விசில் அடித்தது. நான் திடுக்கிட்டேன். குழந்தை காதைப் பொத்தியது.

மரகதம் கையைத் தூக்கினாள். "யாரும் அசையாதீங்க. அடுத்த விசில் வரட்டும். அது காத மட்டும் பாருங்க."

எல்லோரும் உட்கார்ந்து ஒரு நாயின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பு இரைந்தது. வெயிட்டு லேசாக ஆடியது. பிறகு வீடே அதிருகிற மாதிரி இரண்டாவது விசில் வந்தது. அடுப்பு நாய்க்கு ஒரு முழம் தள்ளித்தான். அதன் காதில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, அதுகூடப் பறக்கவில்லை. நாய் அத்தனை அசையாமல் தூங்கியது.

முதலில் பேசியது கனகலட்சுமிதான். "காது கேக்காததையா இத்தன நாளும் வரலை வரலைன்னு அடிச்சீங்க?"

சார் எதையும் பார்க்காமல் கைலியை இறுக்கிக் கட்டினார். "சரி, எடுத்துட்டுப் போங்க. அடுத்து எப்ப வெள்ளைக் குட்டி வரும்?" என்று கேட்டார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"வராது சார். காது பழுப்பா ஒண்ணு கீது, நல்லா கேக்கும், கெட்டி நாய்."

"பழுப்பா? அது கலப்பு மாதிரி தெரியுமே."

"அப்போ வேணாம் சார்" என்றாள் மரகதம். கனகலட்சுமி போட்ட சோற்றையும் முருங்கைக்காய் சாம்பாரையும் முழுதாகச் சாப்பிட்டாள். அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து நாயின் தலையைத் தடவி, "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், தடுக்கல" என்று அழுதாள்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். சார் போன் போட்டிருப்பார் போல, எங்களுக்கு முன்னால் விஷயம் வந்துவிட்டிருந்தது. தசரதன் யூனிபாரத்தோடு வாசலில் நின்றான். "என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி!" என்று அவளைப் பார்த்துக் கையை ஓங்கினான்.

அவள் அசையவில்லை. நாய்தான் அசைந்தது. ஓங்கின கையைப் பார்த்ததும் அவள் காலடியில் தரையோடு தரையாகப் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூத்திரம் விட்டது. அதற்குத் திட்டும் கேட்கவில்லை, யாருக்கு ஓங்கினான் என்றும் தெரியவில்லை. கை மட்டும்தான் தெரிந்தது. தசரதன் ஓங்கின கையோடு அப்படியே நின்றான். பிறகு கையை இறக்கிவிட்டு உள்ளே போனான்.

ரோலில் அவன் பேர் வரவில்லை. நாய்தான் காரணம் என்று அவன் சொல்கிறான். இல்லாவிட்டாலும் வந்திருக்காது என்று மரகதம் சொல்கிறாள். யாருக்குத் தெரியும்? பல நாள் அவளோடு பேசாமல் என் கடையில் சாப்பிட்டான். லச்சிக்குப் பருவம் நெருங்குமுன்னே இசக்கியும் அந்தோணிராஜும் சூரனைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கொண்டுபோக ஆட்டோ எடுத்து வந்தார்கள். தசரதன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மரகதம் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"டேய், கயித்த இறுக்கிக் கட்டுங்கடா. ஒரகடம் திரும்பறப்போ குதிச்சிடும்" என்றான் தசரதன். அவ்வளவுதான் சொன்னான்.

செவிட்டு நாய்கள் இரண்டும் மரகதத்திடம்தான் இருக்கின்றன. அவற்றை யாருக்கும் கொடுப்பதில்லை என்றுவிட்டாள். கூப்பிட வேண்டுமென்றால் காலால் தரையை இரண்டு தரம் உதைப்பாள், திரும்பிப் பார்த்து ஓடி வரும். சார் வீட்டில் இருந்தது மட்டும் இன்னும் கையைக் கண்டால் ஒடுங்குகிறது. அதனால் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதைப்பாள்.

மாசியில் ஒருவன் புது பைக்கில் வந்து இறங்கினான். சூப்பர்வைசராம், வல்லக்கோட்டைப் பக்கம் வீடாம். வாசலில் கிடந்த இரண்டையும் பார்த்தவன், "ஆகா, மூக்கு ரோஸா இருக்கே! எது குடுப்பீங்க?" என்றான்.

"ரெண்டும் இல்ல. அதுங்களுக்குக் காது கேக்காது."

"அடுத்த குட்டி?"

"அவ உடம்பு தேறட்டும். இந்த வருசம் கெடையாது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சுற்றிப் பார்த்தான். என் கடையில் கயிற்றை இழுத்துக்கொண்டு அவனைப் பார்த்துக் குரைத்த பழுப்புக் காதுக்காரன்மேல் கண் போனது. "அது? கறை இருக்கு... மூக்காச்சும் ரோஸ்தானா?"

மரகதம் என்னைப் பார்த்தாள். பெருச்சாளி இன்னும் இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"மூக்க அப்புறம் பாக்கலாம். உங்க வூட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?"